வீட்டுப் பொண்ணு மாதிரி

ஜூன் 12

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. என் வீட்டில் கொள்ளி வைத்துவிட்டு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் எண்ணை என் போனில் தடுத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அதனால் தபாலில் எழுதுகிறேன்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வாசலில் ஜீப். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். என் இரட்டைகளில் பெரியவன் எதிர்வீட்டு அம்மா கையில் கதறுகிறான், சின்னவள் தரையில் உருண்டு அழுகிறாள். சிட்டு தன் துணிமணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். தெரு முழுக்க வேடிக்கை. "இந்தப் பிள்ளை யாரு?" என்று அந்த அம்மா கேட்டார். "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே நான் செத்திருக்க வேண்டும்.

புகார் கொடுத்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். காகிதத்தைப் பார்த்து வாசித்தார்: "குழந்தையை எப்போதும் இடது இடுப்பில் தூக்கி வைத்திருப்பதால் எந்த உடை போட்டாலும் விளிம்பு ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது." உடையின் விளிம்பைப் பார்த்துப் புகார் கொடுக்கும் ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒரு தையல்காரிதான் உண்டு.

பதினொரு வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்தேன் என்று என் மேல் வழக்கு. ஐந்தாம் வகுப்பு டீச்சர் மேல்! அவள் அம்மா தன் கையாலேயே கொண்டுவந்து விட்டுப் போனாள். என் வீட்டில் அவளுக்குச் சாப்பாட்டுக்குக் குறை உண்டா, படுக்கைக்குக் குறை உண்டா? அவளை ஒரு அடி அடித்திருப்பேனா? இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் செய்தீர்கள்.

இனி உங்களுக்குத் தங்கை இல்லை.

—

ஜூன் 17

அடியே,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் மின்சாரத்தைத் துண்டிக்க நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். பேச்சு வந்த நாளிலிருந்து 'வா, போ, எருமை' என்று என்னைக் கூப்பிட்டவளுக்கு ஒரே நாளில் நான் 'நீங்கள்' ஆகிவிட்டேன். சந்தோஷம்.

ஆமாம், நான்தான். உதவி எண்ணுக்குப் பேசியதும் நான்தான், எழுதிக் கொடுத்ததும் நான்தான். விளிம்பு விஷயத்தைச் சேர்த்தது புத்தி கெட்ட வேலை, மாட்டிக்கொள்வேன் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

உன் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? எல்லோருக்கும் துணி தைத்தாயிற்று, அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஃபிராக் தைக்கலாமே என்று அளவெடுக்கக் கூப்பிட்டேன். "நேரா நில்லு" என்றேன். நின்றாள். அளவு வரவில்லை. "நேரா நில்லுடி" என்று அதட்டினேன். "நேராத்தாங்க நிக்கிறேன்" என்றாள். இடுப்பில் குழந்தை இல்லை, ஆனாலும் இடுப்பு குழந்தைக்கு இடம் விட்டு நிற்கிறது. எத்தனையோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அளவெடுத்த கை இது. டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யூனிஃபார்மாங்க?" என்று கேட்டாள். நான் யூனிஃபார்ம் தைப்பவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இல்லம்மா, பிறந்தநாளைக்குப் போட்டுக்க" என்றேன். "சரிங்க" என்றாள். அந்த 'சரிங்க' போதும், எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு எடுத்த படத்தை எடுத்துப் பார். உன் மகளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்திருக்கும் இரண்டு கை தெரியும். கைக்குச் சொந்தக்காரியைப் படத்தில் காணோம். வீட்டுப் பொண்ணு மாதிரியாம்! கை மட்டும்தான் வீட்டுப் பொண்ணு போலிருக்கிறது.

மாதிரி, மாதிரி, மாதிரி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உன் மகளுக்குப் பதினொரு வயது ஆகும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சமையலறையில் நின்றபடி சாப்பிடுவாளா? அதை நீ பார்த்துக்கொண்டு இருப்பாயா?

அவளை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று உன்னை நேரில் கேட்டேன். "அடுத்த வருஷம் சேத்துடலாம்க்கா" என்றாய். போன வருடமும் இதையேதான் சொன்னாய். உன் வகுப்பறைச் சுவரில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறாயே, 'ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமை உண்டு' என்று? ஓரத்தில் பூவெல்லாம் போட்டு? அதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு அவள் வயதுதான். நீ அவர்களுக்குப் பாடம் நடத்தும்போது, அவர்களோடு உட்கார வேண்டியவள் உன் வீட்டில் உன் பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உனக்குக் கூசவில்லையா?

சட்டம் என்ன உன் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டுவதற்கு மட்டுமா?

எருமை.

—

ஜூன் 24

அக்கா,

'நீங்கள்' என்று எழுதினால் ஒழுங்காகத் திட்ட வரவில்லை. அதனால் 'நீ'.

கூசவில்லையா என்று கேட்டாய். நான் கேட்கிறேன், உனக்குக் கூசவில்லையா? வயிற்றைக் கிழித்து இரண்டு பிள்ளையை எடுத்துவிட்டு நான் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தேன். ஒன்று பால் குடித்தால் ஒன்று கத்தும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். "ஒரு மாசம் வந்து இரு" என்று உன்னைக் கெஞ்சினேன். "பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு" என்றாய். அவர் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார். அப்போது வந்து நின்றவள் யார்? சிட்டு. நீ வந்திருந்தால் அவள் வந்திருக்கவே மாட்டாள். ஊரார் பிள்ளைக்கு யூனிஃபார்ம் தைக்க நேரம் இருந்தது உனக்கு.

விசாரணை முடியும் வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருக்கிறேன். என் இடுப்பையும் வந்து அளவெடுத்துக்கொள்.

இன்னொன்றையும் கேள், குளிர்ந்து போவாய். அவளுடைய ஃபிராக்கை எடுத்துக்கொண்டு, அவளை வைத்திருக்கும் காப்பகத்துக்குப் போனேன். "வழக்கு நடக்குது, பாக்க முடியாது" என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பி வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் சிட்டு நிற்கிறாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இன்னொன்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உன் சட்டம் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு யார் பெற்றதையோ தூக்கிக்கொண்டு நிற்கிறாள்! என் வீட்டில் தூக்கினால் குற்றம், அங்கே தூக்கினால் பாதுகாப்பா? ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது இதற்குத்தானா? என் பிள்ளைகளையாவது அவளுக்குப் பிடிக்கும்.

அவர் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். தூரத்து உறவு, படிக்க வைக்க அழைத்து வந்தோம் என்று சொன்னால் வழக்கு நிற்காதாம். சிட்டுவின் அம்மாவும் அப்படியே சொல்லச் சம்மதித்துவிட்டாள். நானும் சொல்லப் போகிறேன். நீ உன் ஊசியைப் பார்த்துக்கொள்.

—

ஜூலை 1

தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். நேராகக் காப்பகத்துக்குப் போனேன். புகார் கொடுத்தவள் நான்தான் என்றதும் உள்ளே விட்டார்கள்.

நீ சொன்னது உண்மை. அதே இடுப்பு, வேறு குழந்தை. காப்பகத்து அம்மாவைக் கேட்டேன், "வேலைக்கு வெச்சிருந்தாங்கன்னு கூட்டிட்டு வந்த பிள்ளைய நீங்களும் வேலை வாங்கறீங்களே?" அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "வேலையா? அய்யய்யோ. சின்னதுங்களுக்கெல்லாம் பெரிய அக்கா மாதிரிங்க அவ. அவளுக்கே ஆசை." 

மாதிரி! இங்கேயும் மாதிரி! எனக்கு வந்த கோபத்தில் நான் கத்திய கத்தலில் சமையல்காரரெல்லாம் எட்டிப் பார்த்தார். குழந்தையைச் சிட்டுவின் இடுப்பிலிருந்து எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தேன். குழந்தை வீறிட்டது. சிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "நான் வெச்சுக்கறேங்க, திட்டாதீங்க" என்றாள். யாரைக் காப்பாற்றப் போய் யாரைப் பயமுறுத்தினேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கிருந்து குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போய்க் காப்பகத்தின் மேலும் ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். உன் வீட்டுக்கு வந்த அதே அதிகாரி அம்மாதான். நாற்காலி தெரியாத அளவுக்குக் கோப்பு. "ஃபோன் பண்ணிட்டு நீங்க போயிடறீங்க. அப்புறம் பிள்ளைய எங்க வைக்கறதுன்னு நாங்கதான் அல்லாடணும்" என்றார். பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். அவர் சொன்னது நிஜம் என்பதால் மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொண்டேன், அதை நீ இரண்டு முறை படி. அவள் உன் வீட்டில் வேலை செய்தாள் என்று விசாரணையில் நிரூபணமானால், படிப்பு முடியும் வரை விடுதியோடு பள்ளியில் இடம் கொடுக்க வேண்டும். அது அவள் உரிமை, யாரும் பிச்சை போட வேண்டியதில்லை. உறவுக்காரப் பெண் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னால் வழக்கே இல்லை. கோப்பை மூடிவிட்டு, அவள் அம்மா கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். அம்மாவோ அடுத்த வாரமே வேறு வீட்டில் விடுவாள். அங்கேயும் அவள் பொண்ணு மாதிரிதான் இருப்பாள். அடிக்காத வீடாக அமையுமா என்று உனக்குத் தெரியுமா?

ஆக, அவளுடைய பள்ளிக்கூடம் இப்போது உன் வாயில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் உன் வேலை போகலாம். தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நான் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதற்கு என்னைத் திட்டு, நாக்கு வறளும் வரை திட்டு. அதையும் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் இடுப்பில் ஏற்றாதே.

—

ஜூலை 4

அக்கா,

என் வேலை, என் வீடு, என் பிள்ளைகளுக்குப் பால். இதையெல்லாம் வைத்து நீ நியாயம் பேசுகிறாய். உனக்கு என்ன, மிஷினை மிதித்தால் முடிந்தது. உன் கடிதத்தை அவர் படித்துவிட்டார். இனி எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

—

ஜூலை 16

அக்கா,

இதைப் படித்து நீ சந்தோஷப்படுவாய். அதுதான் எனக்கு எரிச்சல். ஆனாலும் வேறு யாரிடம் சொல்ல?

நேற்று விசாரணை. சின்ன அறை. நீள மேசைக்குப் பின்னால் குழந்தைகள் நலக் குழுத் தலைவி ஒருத்தரும் உறுப்பினர்கள் இரண்டு பேரும். உன் அதிகாரி அம்மா ஓரத்தில். முதலில் என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். தூரத்து உறவு என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். சிட்டுவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாங்க, சொந்தந்தாங்க" என்றாள். அடுத்தது நான் என்று நினைத்தேன். அதற்கு முன் சிட்டுவை அழைத்தார்கள்.

உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தாள். "மேல உக்காரும்மா" என்றார் தலைவி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், அக்கா. பாப்பா எங்கே என்று கண்ணாலேயே கேட்டாள்.

தலைவி என்னைக் காட்டி, "இவங்க உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க" என்றாள் அவசரமாக.

ஒரு உறுப்பினர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன வேணும் என்று யார் கேட்டாலும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லப் பழகியிருக்கிறாள். எங்கே பழகினாள்? என் வீட்டில்தான்.

"அதில்லம்மா, இவங்க சொந்தமான்னு கேட்டேன்."

"ஆமாங்க."

"என்ன சொந்தம்? அத்தையா, சித்தியா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாதிரிங்க" என்றாள்.

"மாதிரியா?"

"ஆமாங்க. பொண்ணு மாதிரி. யார் வந்து கேட்டாலும் அப்டித்தான் சொல்வாங்க." மாமா, சித்தப்பா என்பதைப் போல அதுவும் ஒரு உறவுமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அக்கா. இத்தனை நாளும் அப்படியே நினைத்திருக்கிறாள்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கும் மாதிரிக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவள் யோசிக்கவே இல்லை. "பொண்ணுன்னா தூக்குவாங்க. மாதிரின்னா தூக்கணும்."

யார் மேலும் கோபமில்லாமல் சொன்னாள். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை எழுந்து நின்று சொல்வதைப் போலச் சொன்னாள். இத்தனை வருடம் பாடம் நடத்துகிறேன், ஒரு சொல்லுக்கு இவ்வளவு சரியாகப் பொருள் சொன்ன பிள்ளையைப் பார்த்ததில்லை.

பிறகு என் முறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். நான் எழுந்து, "சொந்தம் இல்லீங்க. எங்க வீட்ல வேலைக்கு வெச்சிருந்தோம். ரெண்டு குழந்தையயும் அவதான் பாத்துக்கிட்டா. ஸ்கூலுக்கு அனுப்பல" என்றேன். அவ்வளவுதான். என் குரல் எனக்கே யாரோ பேசுவதைப் போலக் கேட்டது. சிட்டு பதறிவிட்டாள். "இல்லீங்க, அக்கா நல்லவங்க, அடிக்க மாட்டாங்க" என்று அழ ஆரம்பித்தாள். அவள் அழுததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. மற்றதை அவர்கள் பிறகு எழுதி அனுப்புவார்களாம்.

வீடு வரும் வரை அவர் பேசவில்லை. இன்னும் பேசவில்லை. பள்ளியில் என்ன முடிவு செய்வார்கள் என்று தெரியாது. சேர்த்துக்கொண்டாலும் அந்தப் பச்சை எழுத்துக்கு முன்னால் எப்படி நிற்பேன் என்று தெரியாது.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. என்னிடம் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம், ஜீப்பை அனுப்பாமல். சொன்னால் கேட்டிருப்பேனா என்று கேட்காதே.

—

ஆகஸ்ட் 2

எருமைக்கு,

சந்தோஷப்படவில்லை. உன் கடிதத்தை வெட்டும் மேசையில் வைத்துப் படித்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்து, "என்னங்க, அழறீங்க?" என்றார். கண்ணில் நூல் விழுந்துவிட்டது என்றேன். அந்த ஆளும் நம்பித் தொலைத்தார்.

சிட்டுவுக்கு இடம் கிடைத்துவிட்டது. விடுதியோடு பள்ளி. எழுத்து தெரிந்திருந்தாலும் மூன்றாம் வகுப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள். தன் தோள் உயரப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு யாரைத் திட்டுவது என்று பட்டியல் போட்டால் உன் பெயர் முதலில் வரும், என் பெயர் ரொம்பத் தள்ளி இருக்காது. காப்பகத்தில் அந்தக் குழந்தைகளை இப்போது வேறொரு பெண் தூக்குகிறாள். என் புகாருக்குப் பதில் இல்லை. மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும் வரை எழுதுவேன். சட்டம் என்று ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டால் எழுப்பத்தான் வேண்டும்.

யூனிஃபார்ம் நான்தான் தைத்தேன். நேராக வெட்டினால் அவளுக்கு ஒரு பக்கம் தூக்கும். அதனால் பாவாடையின் இடது பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வெட்டி, விளிம்பை நேராக விழ வைத்தேன். இடுப்பு சரியானதும் மாற்றிக்கொள்ள உள்ளே மடிப்பு விட்டிருக்கிறேன். சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார். நாளாகுமாம்.

அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வருகிறேன். மிஷினோடு வருகிறேன். உனக்கு வேலை முடிவாகும் வரை அங்கேயே தைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்கிறேன். மாப்பிள்ளைக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வேண்டாம் என்று நீ எழுதினாலும் வருவேன், அதனால் தபால் செலவு செய்யாதே.

ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். மரத்தடி பெஞ்சில் நான் உட்கார, அவள் கீழே உட்காரப் போனாள். "மேல உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"நீங்க எனக்கு என்ன வேணும்?"

விசாரணையில் கற்றுக்கொண்ட கேள்வி. எனக்கு வாய் வரை வந்துவிட்டது, "பெரியம்மா மாதிரி" என்று. உன்னை அத்தனை திட்டுத் திட்டிய இதே வாய்தான். கடித்துக்கொண்டேன்.

"சொந்தமெல்லாம் இல்லம்மா. நான் தையல்காரி. உன் யூனிஃபார்ம் நான் தைச்சது."

தலையாட்டினாள். "அப்ப நான் உங்களுக்கு என்ன செய்யணுங்க?" என்றாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம்" என்றேன். அவள் நம்பவில்லை. நான் கிளம்பியதும் என் பையைப் பிடுங்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள். "குடு" என்று இழுத்தேன், அதட்டினேன், விடவே இல்லை. கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.